வேலையில உட்கார்ற மாதிரி உட்காருங்க

என் அண்ணியின் வலது கால் ஓர் இடத்தில் இருக்காது. டிவியில் யாராவது காரை விரட்டினால் சோபாவுக்குக் கீழே அந்தக் கால் தரையை மிதிக்கும். சாப்பாட்டு மேசையில் அண்ணன் சொன்ன கதையையே மறுபடி ஆரம்பித்தாலும் மிதிக்கும். பதினாறு வருஷமாக டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறவர். பழகுகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். பக்கத்து சீட்டில் அண்ணி, அவர் காலடியில் தனியாக இன்னொரு பிரேக். அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் எல்லோருக்கும் அவர் ‘பிரேக் அக்கா’. வீட்டில் நாங்கள் எதையாவது யோசிக்காமல் செய்யப் போனால் முதலில் அந்தக் கால் அசையும், பிறகுதான் வாய்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவருக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தது. வலி இல்லை. வலிக்காத எதையும் அண்ணி நோய் என்று ஒப்புக்கொள்வதில்லை. மாதவிடாய் நிற்கப்போகிற வயது, தாறுமாறாக வருகிறது என்று நினைத்துக்கொண்டார். பிறகு கிளினிக்கில் கேட்டார். நீர்க்கடுப்பு என்று மாத்திரை தந்தார்கள். நின்றது, மறுபடி வந்தது, மறுபடி மாத்திரை. எட்டு மாதம் இப்படியே ஓடியது. கடைசியில் உள்ளே கேமரா விட்டுப் பார்த்தபோது சிறுநீர்ப்பையில் புற்றுநோய்க் கட்டி, சுவரின் சதைக்குள் வேர் விட்டு இறங்கியிருந்தது. பையையே எடுத்தாக வேண்டும் என்றார்கள். குடலில் ஒரு சிறு துண்டை வெட்டி, அதன் வழியாகச் சிறுநீரை வயிற்றின் வலது பக்கம் ஒரு சிறு வாய் வைத்து வெளியே கொண்டுவந்து, அந்த வாயின் மேல் ஒரு பையை ஒட்டிவிடுவார்கள். பையின் அடியில் ஒரு குழாய். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து காலி செய்ய வேண்டும்.

“உள்ள இருந்த பைக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர்,” என்றார் அண்ணி. அன்று எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் சேரும் கவுண்டரில் ஒரு ஃபார்ம் கொடுத்தார்கள். அண்ணன்தான் நிரப்பினார். ‘தொழில்’ என்ற கட்டத்துக்கு வந்தபோது ஒரு நொடி பேனா நின்றது. பிறகு ‘இல்லத்தரசி’ என்று எழுதினார். எக்ஸ்ரே உறைகளைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றிருந்தேன். படித்தேன். இனிமேல் அண்ணி வீட்டோடு இருக்கட்டும் என்ற ஆசையோ, பயமோ, அல்லது பின்னால் வரிசை நெருக்கியதோ, எதுவென்று அண்ணனுக்கே தெரிந்திருக்காது. திருத்தச் சொல்லவில்லை.

சிறுநீர் வெளியேறும் அந்த வாயை வயிற்றில் எங்கே வைப்பது என்று முந்தைய நாளே பேனாவால் ஒரு புள்ளி வைப்பார்கள். அதற்கென்றே ஒரு நர்ஸ். மார்க்கர் பேனாவை எப்போதும் காதில் செருகியிருப்பதால் அவருக்கு மார்க்கர் சிஸ்டர் என்று பெயர். கைதேர்ந்தவர். ஃபார்மைப் படித்தார். “வீட்டு வேலையெல்லாம் நீங்கதானே பார்ப்பீங்க? குனிஞ்சு பெருக்குங்க பார்ப்போம். அடுப்பு முன்னாடி நிக்கிற மாதிரி நில்லுங்க.” பயத்தில் அண்ணி சொன்னதையெல்லாம் செய்தார். நிற்கவைத்து, உட்காரவைத்து, குனியவைத்துப் பார்த்துவிட்டுத்தான் சிஸ்டர் புள்ளி வைத்தார். சமையலறைக்கு அது கச்சிதமான இடம்.

காரில் சீட்பெல்ட்டின் இடுப்புப் பட்டை சரியாக அதன் மேல் வந்து விழுந்தது.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரம். பழகிக்கொண்டிருந்த ஒரு பல் டாக்டர் ரவுண்டானாவில் பயந்துபோய் ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார். அண்ணி பிரேக்கை மிதித்தார். பெல்ட் இழுத்துப் பிடித்தது. பையின் ஒட்டு பிரிந்து சீட் முழுக்க ஈரம். “என்னக்கா, தண்ணி?” என்றார் பல் டாக்டர். “ரேடியேட்டர் லீக்,” என்றார் அண்ணி. அந்த மனிதர் இறங்கிப் போய் முன்பக்கத்தைத் திறந்து கால் மணி நேரம் எட்டிப் பார்த்தாராம். அதைச் சொல்லி அண்ணி சிரித்துச் சிரித்து, சிரிப்பு நின்ற பிறகும் சமையலறையிலேயே வெகுநேரம் நின்றார். அடுத்த நாளே ஒரு சோப்பு டப்பாவின் மூடியை எடுத்து விளிம்பில் துணி வைத்துத் தைத்து, பெல்ட்டுக்கும் பைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். முக்கால்வாசி நாள் அது காப்பாற்றும்.

மறுபடி ஆபரேஷன் செய்து இடம் மாற்றலாம் என்று டாக்டர் சொன்னார். அண்ணி வேண்டாம் என்றுவிட்டார். புள்ளியின் கதையை மார்க்கர் சிஸ்டரிடம் அவர் சொல்லவே இல்லை. மயக்கம் தெளிந்த அன்று கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அந்த சிஸ்டர்தான். பிறகு, ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்துப் பேச அண்ணிக்கு அனுமதி வாங்கித் தந்ததும் அவர்தான். கழுத்தில் மாட்டிக்கொள்கிற அட்டையில் கையெழுத்து சிஸ்டருடையது.

வியாழக்கிழமைகளில் மூன்றிலிருந்து ஐந்து வரை அண்ணி வகுப்பு எடுப்பதில்லை. ஆஸ்பத்திரியின் நான்காம் மாடிக்குப் போய்விடுவார். ஆறுதல் சொல்ல அவருக்கு வராது. கட்டிலின் ஓரத்தில் உட்காரவும் வராது. நின்றுகொண்டே பேசுவார். தன் பையைக் காட்டுவார், குழாயைத் திறந்து மூடிக் காட்டுவார். நீச்சல் அடிக்கலாமா, மனைவியோடு சேர்ந்து படுக்கலாமா என்று வாய்க்குள்ளேயே கேட்பவர்களுக்கு எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி பதில் சொல்வார். பிறகு ஒரே கேள்வி: “என்ன வேலை பாக்குறீங்க? வேலையில உட்கார்ற மாதிரி உட்காருங்க.” துணி இஸ்திரி போடுகிற ஓர் அம்மா மேசை விளிம்பில் வயிற்றைச் சாய்த்துத்தான் நிற்பாராம். வாத்தியக் குழுவில் பெரிய டிரம் சுமக்கிறவருக்கு இடுப்பில் பட்டை வரும். “நாளைக்குச் சிஸ்டர் வருவாங்க. இதை அப்படியே செஞ்சு காட்டுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.” ஆறு வருஷமாக இப்படித்தான் சிஸ்டருக்குத் தெரியாமல் சிஸ்டரின் புள்ளிகளை அண்ணி நகர்த்திக்கொண்டிருந்தார்.

இந்த வருஷத்தின் ஆரம்பத்தில் ஒரு வியாழக்கிழமை. எனக்கு அரை நாள் லீவு. திரும்பும் வழியில் வீட்டில் இறக்கிவிடுவதாகச் சொல்லி அண்ணி என்னையும் காரில் ஏற்றியிருந்தார். வழியில் ஒரு லாரி குறுக்கே நின்று எல்லாம் தாமதம். நான்காம் மாடிக்குப் போனபோது மணி நாலே கால். ஐந்து மணிக்கு சிஸ்டருக்கு பஸ்.

கட்டிலில் ஒரு மனிதர், ஐம்பத்தாறு ஐம்பத்தேழு இருக்கும். விரல் நுனிகள் வெடித்திருந்தன. முழங்காலிலும் குதிகாலிலும் தோல் காய்த்துக் கறுத்திருந்தது. பக்கத்தில் அவர் மனைவி ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன வேலை பாக்குறீங்க அண்ணே?”

மனைவி முந்திக்கொண்டார். “வேலையெல்லாம் இல்லம்மா. ரிட்டயர்டு.”

“எப்போ ரிட்டயர்டு ஆனீங்க?”

“திங்கக்கிழமை,” என்றார் அவர். “பையன் ஃபார்ம் எழுதினப்போ.”

அண்ணி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“அதுக்கு முன்னாடி?”

“டைல்ஸ் போடுற மேஸ்திரி.”

“முப்பத்தஞ்சு வருஷம் தரையிலேயே கிடந்தாச்சு,” என்றார் மனைவி. “போதும். இனிமேலாவது மனுஷன் மாதிரி நாற்காலியில உட்காரட்டும்.”

“நாற்காலியில உட்கார்ந்து?”

“பேப்பர் படிக்கட்டும்.”

“பேப்பர் படிச்சா எனக்குத் தூக்கம் வரும்,” என்றார் மேஸ்திரி.

“தூங்குங்க! யாரு வேணாங்கறா?”

சிஸ்டர் எப்போது வருவார் என்று அண்ணி கேட்டார். காலையிலேயே வந்து போய்விட்டாராம். வருகிற திங்கட்கிழமை நடக்க வேண்டிய ஆபரேஷனை முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். நாளைக் காலை ஏழு மணிக்கு. மேஸ்திரி சட்டையைத் தூக்கிக் காட்டினார். தொப்புளுக்கு வலது பக்கம் சற்றுக் கீழே ஒரு கறுப்புப் புள்ளி, அதன் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்திரி.

“எப்படி உட்காரவச்சுப் பார்த்தாங்க?”

“நாற்காலியில.”

அண்ணியின் கால் தரையை மிதித்தது. “எழுந்திருங்கண்ணே. வேலையில உட்கார்ற மாதிரி உட்காருங்க.”

அவர் மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு, கட்டிலிலிருந்து இறங்கி, குந்தி உட்கார்ந்தார். முப்பத்தைந்து வருஷப் பழக்கம். உடம்பு தானாகவே மடங்கியது. முழங்கால்கள் மார்பை நெருங்க, வயிறு இரண்டாக மடிந்தது. மடிப்புக்குள் புள்ளி காணாமல் போனது. அவர் முழங்கால்களுக்கு நடுவில் குனிந்து தேடினார்.

“எங்க போச்சு?”

“உள்ள போயிடுச்சு. மடிப்புல ஒட்டு நிக்காதுண்ணே. குந்தின கொஞ்ச நேரத்துல பிரிஞ்சுடும். நனைஞ்சுக்கிட்டேதான் வேலை செய்யணும்.”

“அதான் குந்தவே வேணாம்னு சொல்றேன்ல,” என்றார் மனைவி. “நல்லதாப் போச்சு.”

மேஸ்திரி எழுந்திருக்கவில்லை. குந்தியபடியே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாத்த முடியுமான்னு கேட்டுச் சொல்லுங்கம்மா,” என்றார்.

மணி நாலு முப்பத்தைந்து.

மார்க்கர் சிஸ்டர் தன் அறையில் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேசை டிராயரைப் பூட்டிக்கொண்டிருந்தார். அண்ணி விஷயத்தைச் சொன்னார். சிஸ்டர் சிரித்தார்.

“அக்கா, அவர் ரிட்டயர்டு. ஃபார்ம்ல இருக்கு. அவர் சம்சாரமும் அதையேதான் சொன்னாங்க. மார்க் வச்சு, டாக்டர் பார்த்து, கையெழுத்தும் ஆயிடுச்சு.”

“அவரு மனசுல ரிட்டயர்டு ஆகல சிஸ்டர்.”

“மனசுக்கெல்லாம் என்னால மார்க் வைக்க முடியாது. பஸ் போயிடும்க்கா.” சாவியைப் பைக்குள் போட்டார். “பன்னெண்டு வருஷமா வைக்கிறேன். ஒண்ணு தப்பாப் போயிருக்கா? நீங்களே சொல்லுங்க. உங்களுக்கே நான்தானே வச்சேன்?”

அண்ணியின் விரல்கள் கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன. அவர் சொல்லிவிடுவாரா, சொன்னால் இந்த அட்டை கழுத்தில் இருக்குமா, சொல்லாமல் போனால் வார்டில் குந்தியிருக்கிற அந்த மனிதர் என்ன ஆவார் என்று என் மனம் மாறி மாறி மோதிக்கொண்டிருந்தது.

“ஒரு நிமிஷம் உள்ள வாங்க சிஸ்டர்,” என்றார் அண்ணி.

பரிசோதனைக் கட்டிலைச் சுற்றி இருந்த திரைக்குப் பின்னால் இருவரும் போனார்கள். நான் இந்தப் பக்கம் நின்றேன். துணி சரசரத்தது. பிறகு சிஸ்டரின் குரல், முன்பு இருந்த வேகம் இல்லாமல்: “என்னக்கா இது? குறுக்கால காய்ப்புக் காய்ச்ச மாதிரி...”

“சீட்பெல்ட்.”

“தினமுமா?”

“ஞாயித்துக்கிழமை லீவு.”

திரைக்குப் பின்னால் ஸ்டூல் ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது.

“தப்பு உங்க மேல இல்ல சிஸ்டர். பேப்பர்ல இல்லத்தரசின்னு இருந்துச்சு. வீட்டுக்கு இது சரியான இடம்தான். குனியறேன், பெருக்கறேன், ஒண்ணும் ஆகறதில்ல. நான்தான் வீட்டுல இருக்கறதில்ல.”

“அப்படி யாரு எழுதினது?”

“எங்க வீட்டுக்காரர். பயத்துல எழுதிட்டாரு.”

‘நானும் பக்கத்தில் இருந்தேன்’ என்று திரையைப் பார்த்துச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சிஸ்டர் வெளியே வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. யாரையும் பார்க்காமல் கைப்பையை மேசையில் போட்டார். போனை எடுத்தார். “டாக்டர், நாளைக்குக் காலைல முதல் கேஸ். புள்ளியை மாத்தறேன்... இல்ல டாக்டர், சரியாத்தான் வச்சேன். வேற ஆளுக்கு வச்சிட்டேன்... சரி. நீங்க காலைல ஒருதரம் பாருங்க.”

பிறகு காதிலிருந்த பேனாவை உருவிக்கொண்டு நடந்தார். அண்ணி பின்னால் ஓடினார். நான் அவர் பின்னால்.

கட்டில்களுக்கு நடுவே இடம் போதவில்லை. மேஸ்திரியைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிவந்தார்கள். அவர் குந்தினார். எதிரே சிஸ்டரும் வெள்ளைச் சீருடையோடு குந்தினார். பழைய புள்ளியின் பிளாஸ்திரியைப் பிரித்து ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்தார்.

“வேலை செய்யுங்க மேஸ்திரி. கையை நீட்டி டைல் வைக்கிற மாதிரி.”

அவர் கையை நீட்டினார். வெறுங்கையால் டைல் வைப்பது அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். கீழே இருந்த டைலை விரல் முட்டியால் தட்டினார். டொக். மறுபடி தட்டினார். முகம் மாறியது.

“இதை எவன் போட்டது?”

“எனக்கெப்படித் தெரியும்? நேரா இருங்க.”

“கீழ கலவையே இல்லம்மா. காத்துல நிக்குது.” குந்தியபடியே ஓரடி நகர்ந்து அடுத்ததைத் தட்டினார். “இது பரவாயில்ல.” அதற்கடுத்தது. “இதுவும் போச்சு. நாளைக்கு ஒரு தள்ளுவண்டி ஏறினா உடையும்.”

“மேஸ்திரி, நில்லுங்க! நான் புள்ளி வைக்கணும். நீங்க ஊர்வலம் போறீங்க!”

வாத்து நடையில் அவர் முன்னால் போக, பேனாவைத் திறந்து பிடித்தபடி சிஸ்டரும் குந்திக் குந்திப் பின்னால் போனார். மற்ற கட்டில்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. இரத்தப் பரிசோதனைக்குப் போன ஒருவர் வழியை விட்டு ஒதுங்கி நின்றார். மேஸ்திரியின் மனைவி ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன்.

“நடுவுல என்னத்தைத் தட்டறீங்க?” என்றார் திடீரென்று. “மூலையில தட்டிப் பாருங்க. மூலையிலதான ஏமாத்துவானுங்க!”

மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். பிறகு மூலைக்கு நகர்ந்து, சுவரோரமாக உடம்பை வளைத்துக் கையை நீட்டித் தட்டினார். “அப்படியே இருங்க, அசையாதீங்க,” என்று சிஸ்டர் கத்தினார். அந்த வளைவில், மடிப்புக்கு இரண்டு விரல் மேலே, அவர் குனிந்தாலும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், புதுப் புள்ளி விழுந்தது.

“மூட்டை தூக்கறது மட்டும் கிடையாது,” என்றார் அண்ணி. “சிமெண்ட்டுக்கு வேற ஆள் வச்சுக்கணும். தூக்கினா குடல் தள்ளிக்கிட்டு வந்துடும். சொல்லிட்டேன்.” இதைச் சொல்லும்போதே கையை வயிற்றில் வைத்துப் பையின் கனத்தைப் பார்த்தார். “அய்யோ, நகருங்க, நகருங்க,” என்று கழிப்பறைக்கு ஓடினார். லாரி, தாமதம், சண்டை என்று எல்லாவற்றிலும் தன் பையை மறந்துபோயிருந்தார்.

சிஸ்டரின் பஸ் போய்விட்டது. அண்ணி காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். கார் நிறுத்தும் இடத்துக்கு வந்ததும் சிஸ்டர் நேராகப் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து அண்ணியின் இடத்தில் உட்கார்ந்தார். பெல்ட்டைப் போட்டார். இடுப்புப் பட்டை எங்கே விழுகிறது என்று தன் வயிற்றில் விரலை வைத்துப் பார்த்தார். பெல்ட்டை இழுத்து விட்டு, மறுபடி இழுத்துப் பார்த்தார்.

“ஏன்க்கா இத்தனை நாளா சொல்லல?”

“சொன்னா, அடுத்த ஆளுக்கு வைக்கிறப்போ உங்க கை நடுங்கும்.”

“இனிமே நடுங்காதா?”

அண்ணி ஸ்டியரிங்குக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருகாமல் கொஞ்ச நேரம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே இருந்தார். “கொஞ்சம் நடுங்கட்டும் சிஸ்டர்,” என்றார்.

வழியில் ஒரு சிக்னலில் அண்ணி சற்று வேகமாகப் போனபோது கார் தானாகக் குலுங்கி நின்றது. சிஸ்டர் தன்னையறியாமல் காலடியிலிருந்த அந்த இன்னொரு பிரேக்கை மிதித்திருந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை அண்ணி காலையிலிருந்து மூன்று வகுப்புகளிலும் எல்லோரையும் திட்டினார் என்று கேள்விப்பட்டேன். மதியம் இரண்டரைக்கு சிஸ்டர் போன் செய்தார். புதுப் புள்ளியிலேயே வைத்துவிட்டார்கள். புற்று பரவியிருக்கிறதா என்பது பரிசோதனை முடிவு வந்தால்தான் தெரியும். அந்த முடிவு வருகிற வரைக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குக் கீழே அந்தக் கால் ஓயவில்லை. நல்ல முடிவுதான் வந்தது. கழுத்து அட்டை புதுப்பிக்கப்பட்டது. அதே கையெழுத்து. சிஸ்டர் இப்போது ஃபார்மில் ‘தொழில்’ என்ற கட்டத்தைப் படிப்பதில்லை, ஆளிடமே கேட்கிறார் என்று அண்ணி சொன்னார். அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டே தட்டில் கோலம் போட்டார். அவர் எழுதியதைப் பற்றி இந்த வீட்டில் இன்றுவரை யாரும் பேசியதில்லை. இதைப் படித்தால் பேச வேண்டிவரும்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை மேஸ்திரி போன் செய்தார். அண்ணி போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் கட்டர் மெஷின் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

“எல்லாம் சரிம்மா. ஒரே ஒரு குறைதான்.”

அண்ணியின் கால் மேசைக்கடியில் மிதித்தது. “என்ன?”

“மேல ஏத்தி வச்சாங்கல்ல? கையை நீட்டினா சட்டை இழுபட்டு, பட்டன் சரியா அது மேல வந்து உட்காருது. குனியறப்போ அழுத்துது. இப்போ என் சம்சாரம் பட்டனைத் தள்ளித் தச்சுக்கிட்டு இருக்கா. எல்லாச் சட்டைக்கும்.”

“மூட்டை தூக்கறீங்களா?”

“இல்லம்மா. தூக்கினா அவ அடிப்பா.”

“இப்போ எங்க இருக்கீங்க? ஒரே சத்தமா இருக்கு!”

“தரையில!” என்று கத்தினார் மேஸ்திரி.

போனை வைத்த பிறகும் அண்ணி உட்காரவில்லை. அறைக்குள் போனார், வந்தார், அண்ணனின் சட்டை ஒன்றை எடுத்து என்மேல் வைத்து ஒவ்வொரு பட்டனாக விரலால் தொட்டுப் பார்த்தார். அடுத்த வியாழக்கிழமையிலிருந்து, நான்காம் மாடியில், வேலைக்குப் போட்டுக்கொள்ளும் சட்டையையும் கொண்டுவரச் சொல்கிறார்.